மூன்று முட்டைக்கு எத்தனை நாள்?

கோரைக்குளத்தின் மேற்குக் கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிப் பறவை முட்டையிட்டிருந்தாள். அவள் இட்ட இடத்தைக் கூடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். தரையை மார்பால் தேய்த்து உண்டாக்கிய சிறு பள்ளம் அது. ஓரத்தில் நாலு கூழாங்கல், உள்ளே மூன்று முட்டை. முட்டைகளும் கூழாங்கல் நிறமே. பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே ஏழு கல் கிடப்பதாகத்தான் தோன்றும்.

அது கடுங்கோடை. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. மாலையானால் மான்களும் காட்டெருதுகளும் மேட்டிலிருந்து இறங்கி அந்தக் கரை வழியாகத்தான் குளத்துக்கு வரும். அத்தனை குளம்புகளுக்கு நடுவே ஏழு கல் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தரையில் முட்டையிட்ட பறவை எழுந்து நின்று இரண்டு சிறகையும் விரித்தால், வருகிறவர் யாராக இருந்தாலும் விலகிச் சுற்றிப் போகவேண்டும். மலை போன்ற காட்டெருது, ஒரு பிடி பஞ்சுபோல் இருக்கும் பறவைக்காக விலகும். ஏன் விலகுகிறோம் என்று எந்த எருதும் யோசித்ததில்லை. அதன் அப்பன் விலகினான், இதுவும் விலகியது. அப்படி விலகி விலகி, வழித்தடமே செம்மூக்கியின் பள்ளத்தருகே பிறைபோல் வளைந்திருந்தது.

அந்த வளைவைத்தான் கட்டைவாலன் மதிக்கவில்லை.

கட்டைவாலன் ஒரு காட்டுப்பன்றி. ஒரு நாள் காலையில் கோரைக்கிழங்கு தேடித் தரையை முட்டிக்கொண்டே வந்தான். செம்மூக்கி எழுந்தாள். சிறகை விரித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் மூக்கு மண்ணுக்குள் இருந்தது. காதும் கூடவே மண்ணுக்குள் போய்விட்டது போலும். இரண்டு முட்டையை மிதித்தான். மூன்றாவதை என்னவென்று முகர்ந்து பார்த்தான், தின்றான், போனான்.

செம்மூக்கி குளத்துப் பெரியவரிடம் ஓடினாள். பெரியவர் வெண்காலன் என்ற கிழட்டுக் காட்டெருது. முழங்காலுக்குக் கீழே வெள்ளையும் அதற்கு மேலே கறுப்புமாக, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் உருவம்.

கோரைக்குளத்தில் தப்பு செய்தவருக்கு ஒரே தண்டனைதான் உண்டு. அதற்குப் பின்தண்ணீர் என்று பெயர். தப்பு செய்தவர் கரையில் நின்று, யாருக்கு என்ன செய்தார் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லவேண்டும். பிறகு எல்லோரும் குடித்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, கடைசியாகக் குடிக்கவேண்டும். கடைசியில் மிஞ்சுவது பாதி தண்ணீர், பாதி சேறு. எத்தனை நாள் என்பதைப் பெரியவர் முடிவு செய்வார்.

அன்று கூட்டம் கூடியது. பன்றி செய்தது தப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஆனால் தண்டனை என்று வந்தபோது வெண்காலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோடை முற்றினால் குளத்து நடுவில் ஊற்றுத் தோண்டுகிறவன் கட்டைவாலன்தான் என்று நினைவூட்டினார். அவன் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டால் எல்லோர் பாடும் திண்டாட்டம் என்றார்.

பிறகு மிகவும் கனிவாகக் கேட்டார். "அவனைக் கடைசியில் நிறுத்தினால், போன முட்டை திரும்பி வருமா அம்மா?"

வராது என்று செம்மூக்கி சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அவளைச் சும்மா அனுப்பிவிடவில்லை. வடக்கு மூலையில் நத்தை நிறையக் கிடைக்கும் சேற்றுத்திட்டு ஒன்று இருந்தது. அது இனி செம்மூக்கிக்கு மட்டும் என்று தீர்மானமாயிற்று. எல்லோரும் அவளைப் பார்த்துப் பாவம் என்றார்கள். கொக்கு மட்டும் மூன்று முறை சொன்னது.

அவள் கணவன் நெடுங்காலன், நடந்தது நல்லதுக்கே என்று எடுத்துக்கொள்ளலாம் என்றான். முட்டை மறுபடி இடலாம், நத்தை மூலை மறுபடி கிடைக்குமா என்று கேட்டான். நெடுங்காலன் நல்லவன். நத்தை தின்றுகொண்டே அதைச் சொன்னதுதான் குறை.

பதினைந்து நாளில் செம்மூக்கி மறுபடி முட்டையிட்டாள். இம்முறை நாலு. அதே கரை, அதே பள்ளம். வெயில் நெருப்பாகக் கொட்டியது. குளத்துக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மேல் ஈரத்தோடு உட்காருவாள். காய்ந்தால் மறுபடி ஓடுவாள். நெடுங்காலன் மாற்றி உட்காருவான்.

முதலில் கொக்கு ஆரம்பித்தது. ஒரு நாள் செம்மூக்கி இறகு நனைக்கும் இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அவள் தயங்கி நின்றபோது, உனக்குத்தான் நத்தை மூலை கொடுத்திருக்கிறார்களே, எல்லா இடமும் உனக்கே வேண்டுமா என்று கேட்டது. செம்மூக்கி வேறு இடம் போனாள். இது ஒரு பெரிய விஷயமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து அவளுடைய குரல். ஒரு சாயங்காலம் புதருக்குள் சிறுத்தை பதுங்குவதைப் பார்த்துக் கத்தினாள். ஆள்காட்டி கத்தினால் மான்கள் தலை தூக்காமலே ஓடும். அதுதான் எப்போதும் நடப்பது. அன்று மான்கள் தலை தூக்கின. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மரத்தில் மந்தி ஒன்று கனைத்த பிறகே ஓடின. சிறுத்தை வெறுங்கையோடு போனது. மான்கள் மந்திக்கு நன்றி சொல்லின.

செம்மூக்கி தன் குரலைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அதே குரல்தான்.

மூன்றாவதுதான் அவளைப் பயமுறுத்தியது. குளம்படிகள் நெருங்கி வந்தன. முதல் நாள் பள்ளத்திலிருந்து இரண்டு சிறகு தூரத்தில் இருந்தன. மறுநாள் ஒன்றரை. அதற்கடுத்த நாள் ஒன்று. வளைந்திருந்த தடம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டிருந்தது. முட்டை பொரிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. இந்த வேகத்துக்கு நாலு நாள்கூடத் தாங்காது. முட்டையை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாமென்றால், ஆள்காட்டிக்கு அலகும் காலும்தான் உண்டு, கூடை கிடையாது.

அன்று மாலை மான்கூட்டம் இறங்கியபோது அவள் எழுந்து நின்று சிறகை முழுக்க விரித்தாள். மான்களின் தலைவி பொட்டழகி முன்னால் வந்தாள். சிறகைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் ஓரடிதான் விலகினாள். அவள் பின்னால் வந்த குட்டி அந்த ஓரடிகூட விலகவில்லை. அதன் குளம்பு பட்டு ஒரு கூழாங்கல் முட்டைமேல் உருண்டது.

"இத்தனை வருஷம் சுற்றித்தானே போனீர்கள்?" என்று கேட்டாள் செம்மூக்கி.

பொட்டழகி நின்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "சுற்றிப் போகவேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்டி. கட்டைவாலன் நேராகப் போனான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, இப்போது அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

செம்மூக்கிக்கு அன்று இரை இறங்கவில்லை. தன்னை யாரும் வெறுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வெறுத்திருந்தால்கூட ஒரு சமாதானம் பேசலாம். இவர்கள் எல்லோரும் அவள்மேல் இரக்கமாக இருந்தார்கள். இரக்கப்பட்டுக்கொண்டே மிதிக்க வந்தார்கள்.

மறுநாள் குளத்தில் ஒரு சின்ன சம்பவம் நடந்தது. கட்டைவாலன் சேற்றில் புரண்டுவிட்டு எழுந்து உடம்பை உதறினான். தெறித்த சேறு வெண்காலனின் கன்றின் முகத்தில் பட்டது. கன்று தும்மியது. அவ்வளவுதான்.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது: ஏழு நாள் பின்தண்ணீர். யாருக்கும் அதில் அதிசயம் இல்லை. ஊற்றுத் தோண்டுகிறவனாயிற்றே, கோபித்துக்கொள்வானே என்று யாரும் கவலைப்படவில்லை. தண்டித்தால் சேறு போய்விடுமா என்றும் ஒருவரும் கேட்கவில்லை. கட்டைவாலன் கரையில் நின்று, பெரியவர் கன்றின்மேல் சேறு தெறிக்கவைத்தேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கினான்.

செம்மூக்கி கன்றைக் கவனித்தாள். நேற்றுவரை அது எல்லாக் கன்றுகளையும்போல ஒரு கன்று. இன்று அது தண்ணீருக்கு வந்தபோது கடமான்கள் வழிவிட்டன. கொக்கு, தான் நின்ற இடத்தை விட்டுப் பறந்தே போனது. கன்றுக்கு இது எதுவும் புரியவில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது.

செம்மூக்கிக்குப் புரிந்தது. உடனே நெடுங்காலனிடம் போய், பெரியவரிடம் மறுபடி முறையிடப்போகிறேன் என்றாள்.

நெடுங்காலன் பதறினான். "முடிந்துபோனதைக் கிளறினால் சண்டைக்காரி என்று பேசுவார்கள்."

"இப்போது என்னவென்று பேசுகிறார்கள்?"

அவன் யோசித்தான். "பாவம் என்று பேசுகிறார்கள்."

"பாவம் என்று சொல்லித்தான் வளைவை நேராக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் சண்டைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ முட்டையைவிட்டு நகராதே."

குளத்தில் முறையீடு என்று யாராவது வந்துவிட்டால், அது முடியும்வரை ஒருவரும் தண்ணீரில் வாய் வைக்கக்கூடாது. அதுவும் வழக்கம். மறுநாள் மாலை, மந்தைகள் நாக்குத் தொங்க மேட்டில் வந்து நின்ற நேரம் பார்த்து செம்மூக்கி முறையிட வந்தாள். வேறு நேரத்தில் வந்தால் கேட்க ஆள் இருக்காது என்று அவள் கணக்குப் போட்டது சரி. ஆனால் தாகத்தில் இருக்கும் மந்தை பொறுமையாக இராது என்பதும் அவளுக்குத் தெரியும். மேட்டுக்கும் குளத்துக்கும் நடுவேதான் நெடுங்காலன் நாலு முட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் திடீரென்று இறங்க ஆரம்பித்தால்? அவள் ஒரு கண்ணைப் பெரியவர்மேலும் ஒரு கண்ணை மேட்டின்மேலும் வைத்துக்கொண்டு பேசினாள். பறவைக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதில் அப்படி ஒரு சௌகரியம்.

மறுபடி அந்த விவகாரமா என்று வெண்காலன் அலுத்துக்கொண்டார். நத்தை மூலை போதவில்லையா என்று கேட்டார்.

"நத்தை மூலையைத் திருப்பித் தந்துவிடுகிறேன் ஐயா. எனக்கு அது வேண்டாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கொக்கு கழுத்தை நீட்டி வடக்கு மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"பிறகு என்னதான் வேண்டும்? முட்டை திரும்பாது என்று அன்றைக்கே பேசியாயிற்று."

"ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. கன்றுக்குட்டியின் முகத்தில் பட்ட சேறு எப்போது போனது?"

வெண்காலன் கண்ணைச் சிமிட்டினார். "அப்போதே காய்ந்து உதிர்ந்துவிட்டது."

"அப்படியானால் ஏழு நாள் எதற்கு?"

பெரியவருக்குக் கோபம் வந்தது. திமில் விறைத்தது. "எதற்கா? என் கன்றின்மேல் சேறு அடித்துவிட்டு ஒருவன் சும்மா போய்விடுவதா? நாளைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்க ஆளில்லாத கன்று என்று நினைத்து..."

அங்கே நின்றுவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்கவேண்டும்.

"என்னை அப்படி நினைத்துவிட்டார்கள் ஐயா," என்றாள் செம்மூக்கி.

பிறகு மேட்டிலிருந்து ஒரு கிழக் கடமான், தாகம் உயிர் போகிறது, அவளுக்கும் ஒரு நாள் கொடுத்து முடித்துவிடுங்கள் என்று குரல் கொடுத்தது. ஒரு நாள், ஒரு நாள் என்று பலரும் சேர்ந்துகொண்டார்கள். வெண்காலனின் முகம் தெளிந்தது. ஒரு நாள் என்பது எல்லோருக்கும் நிம்மதியான எண்.

முன்வரிசை மான்கள் ஓரடி இறங்கிவிட்டன. நெடுங்காலன் அங்கிருந்தே ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று தலையை ஆட்டுவது செம்மூக்கிக்குத் தெரிந்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. கால்கள் இரண்டும் ஏற்கெனவே பள்ளத்தின் பக்கம் திரும்பியிருந்தன.

"ஒரு நாள் என்றால் வேண்டாம் ஐயா," என்றாள். "இதுவரை நான் எவ்வளவு மட்டம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் என்று நீங்கள் சொல்லிவிட்டால், கன்றின்மேல் பட்ட சேற்றில் ஏழில் ஒரு பங்கு என் மூன்று முட்டை என்று குளமே மனப்பாடம் செய்துகொள்ளும். அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம்."

இதைக் கேட்டதும் கூட்டத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாகத்தில் வரும் ரோஷம் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. மந்திகள் கிளையைக் குலுக்கி, பன்றியைக் குளத்தைவிட்டே விரட்டுங்கள் என்று கத்தின. ஒரு கணத்துக்குமுன் ஒரு நாள் கேட்ட கடமானும் விரட்டு விரட்டு என்றது.

செம்மூக்கி அதற்கும் தலையசைத்து மறுத்தாள். விரட்டினால் அவன் தாகத்தில் செத்துப்போவான்; பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் எல்லோரும் அவன் சாவைத்தான் நினைப்பார்கள் என்றாள். "கன்றுக்கு எத்தனை நாளோ எனக்கும் அத்தனை நாள். ஒன்று கூடவும் வேண்டாம், ஒன்று குறையவும் வேண்டாம்."

வெண்காலன் கட்டைவாலனைக் கூப்பிட்டார். அவன் ஏற்கெனவே ஓரத்தில்தான் நின்றிருந்தான். இன்னொரு ஏழு நாள் நிற்கவேண்டி வந்தால் கோபித்துக்கொண்டு ஊற்றை விட்டுவிட்டுப் போய்விடுவாயா என்று, இதுவரை யாரும் அவனிடமே கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"எங்கே போவது பெரியவரே?" என்றான் கட்டைவாலன். "வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது? அன்றைக்கே நில் என்றால் நின்றிருப்பேன். நீங்கள்தான் பரவாயில்லை என்றீர்கள். பெரியவர் சொல்கிறார், அப்படியானால் அது கணக்கில் வராத முட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

வெண்காலன் தலை குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது, கன்றுக்கு உள்ள நாள் முடிந்ததும் செம்மூக்கிக்கு ஏழு நாள் என்றார். யாருக்கு என்ன செய்தான் என்பதை மட்டும் இன்றே, இப்போதே எல்லோர்முன்னும் சொல்லவேண்டும் என்றார்.

செம்மூக்கி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பள்ளத்துக்குப் பறந்தாள். தீர்ப்பு பெரியவர் வாயில்தான் இருந்தது. மந்தையின் கால்களுக்கு அது தெரியுமா? அவளுக்கு நிச்சயமில்லை. நெடுங்காலன் எழுந்து ஒதுங்கினான். அவள் முட்டைகளுக்கு முன்னால் நின்று சிறகை விரித்தாள்.

கீழே தண்ணீரோரத்தில் கட்டைவாலன் நின்றான். அவனுக்குக் குரல் கரகரப்பு. ஆனால் மேடுவரை கேட்டது.

"நான் கட்டைவாலன். செம்மூக்கி சிறகு விரித்தும் நான் விலகவில்லை. அவளுடைய மூன்று முட்டைகளை அழித்தேன். எல்லோரும் குடித்த பிறகுதான் குடிப்பேன்."

மந்தை இறங்கியது. காத்திருந்த தாகமெல்லாம் சேர்ந்து வேகமாக இறங்கியது. புழுதி எழும்பியது. பொட்டழகிதான் முன்னால். அவள் தலை குளத்தை நோக்கி நீண்டிருந்தது. கண் தண்ணீரின்மேல் இருந்தது. பின்னாலிருந்தவர்கள் அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருபது அடி. பத்து அடி. அவள் விலகவில்லை. செம்மூக்கி சிறகை இன்னும் அகல விரித்தாள். தரை அதிர்ந்து, ஒரு முட்டை இன்னொன்றின்மேல் மெல்ல உரசியது. ஐந்து அடி.

பொட்டழகி சிறகைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் நாக்கு வறண்டு ஒதுங்கி நிற்கும் பன்றியைப் பார்த்தாள். மறுபடி சிறகைப் பார்த்தாள்.

அவள் முன்னங்கால் இடதுபக்கம் விழுந்தது.

பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் திரும்புகிறோம் என்றே தெரியாமல் திரும்பினார்கள். குட்டிகள் திரும்பின. கடமான்கள் திரும்பின. காட்டெருதுகள் திரும்பின. பிறகு கரையிலிருந்து மேடேறிய வெண்காலன் எல்லோரையும்விட நாலடி கூடுதலாகவே சுற்றிப் போனார். அவர் மனசு அப்படி.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. செம்மூக்கி குனிந்து பார்த்தாள். நாலும் இருந்தன. உட்கார் என்று நெடுங்காலன் சொன்னான். உட்காரத்தான் அவளும் பார்த்தாள். ஆனால் விரித்த சிறகை மடக்கவும் மறந்து, வெயில் இறங்கும்வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

தப்பு செய்தவனைக் கேட்காமல் விட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவரை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்று நாமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.